வெண்கட்டி பிடித்த கை

செய்தி வந்தது காலை பதினொன்று பதினேழுக்கு. நான் அதைக் கேட்டது பன்னிரண்டு ஐந்துக்கு.

இடையில் நாற்பத்தெட்டு நிமிடம். அந்த நேரம் நான் காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தேன். சோளகக் காற்று எழும்ப முன்னம் வருகிற, காற்று ஓய்ந்த நாட்கள். பராமரிப்பு வேலையெல்லாம் அப்போதுதான். ஏறுகிறவர்கள் போனை அடியில் ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு ஏற வேண்டும் என்பது அங்கே விதி. நீ ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் விழுந்து, தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துபோய், போனும் பெட்டிக்குள் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்துவிட்டது. மேலே நான் ஒரு பிழையும் விடாமல் வேலை செய்தேன். நீ கட்டித் தந்த சோற்றுக்கு என்ன கறியாக இருக்கும் என்று ஒருமுறை யோசித்தேன். அதுவும் நினைவிருக்கிறது.

இறங்கி வந்து பார்த்தால் ஏழு தவறிய அழைப்புகள். கடைசியில் உன்னோடு படிப்பிக்கிற ரீச்சரின் குரற்பதிவு. "அண்ணா, எங்கை நிக்கிறீங்கள்? போனை எடுங்கோ அண்ணா. எங்கட ரீச்சர் எங்களை விட்டுட்டுப் போயிட்டா." பதினான்கு விநாடி. அதற்குப் பிறகு யாரோ ஒரு பிள்ளை அழுகிற சத்தம்.

வேலை வான் ஒன்றில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எனக்கு எதுவும் யோசிக்க வரவில்லை. ஆனால் வாய் மட்டும் சின்ன வயதில் பாடமாக்கிய செபத்தைத் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது. சொல்லுகிறேன் என்றே எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த, கூட வேலை செய்கிற பொடியன் சொல்லித்தான் பிறகு தெரியும். நீ ஒருநாள் இதைச் சொல்லியிருக்கிறாய். "பாடமாக்கிறதும் வேணும்தான். கை நடுங்கேக்க யோசிக்க நேரம் இராது. அப்ப வாய் தன்ர பாட்டில சொல்லவேணும்." அன்றைக்கு நான் உன்னை நக்கலடித்தேன். "அப்ப, பாடமாக்கப்படாது எண்டுற உன்ர கட்சியில நீயே இல்லையோ?" என்று.

இன்றைக்கு ஞாயிறு. மகள் செரின் கோவிலில் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருக்கிறாள். கீரிக் கடற்கரையில் இருந்து காற்று மணலைக் கொண்டுவந்து வாசலில் கொட்டுகிறது. கூட்டிவிட்டேன், திரும்பவும் கொட்டுகிறது, இனி கூட்டப்போவதில்லை. மேசையில் உன்னுடைய நான்கு பால்மாத் தகரப் பேணிகளையும் வரிசையாக வைத்திருக்கிறேன். ஒரு வருடத்துக்கு மேல் அலுமாரிக்கு மேலே இருந்தவை. சில கிழமைக்கு முன் இறக்கி மூடியைத் திறந்தபோது பால்மா வாசம் இல்லை, கரும்பலகை வெண்கட்டித் தூள் வாசம் வந்தது. அதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. நான் எழுதுவதெல்லாம் வேலை அறிக்கைதான். செய்தது என்ன, எத்தனை மணிக்கு, பிழை இருந்ததா. இதையும் அப்படித்தான் எழுதப்போகிறேன் போல. பிழை இருந்தது. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் மஞ்சள் பேனை.

கலியாணம் முடித்த முதல் வருடம் நான் காற்றாலை வேலைக்கான அத்தாட்சிப் பரீட்சையில் ஒருமுறை விழுந்தவன். உனக்கு முன்னால் விழுந்தது என்பதால் இரண்டு மடங்கு வெட்கம். காற்றாலையை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, உள்ளே போகிறதற்குப் பதினொரு படி. பதினொன்றையும் வரிசையாக ஒப்புவித்தேன். சோதகர் கேட்டது ஒரே கேள்வி. நாலாவதைச் செய்யாமல் ஐந்தாவதைச் செய்தால் என்ன நடக்கும்? நாலுக்குப் பிறகு ஐந்து வரும் என்று தெரியும். ஏன் வரும் என்று தெரியாது.

இரண்டாம் தரத்துக்குப் படிக்கிறேன் என்று குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கொப்பியில் முக்கியமான வரிகளுக்கெல்லாம் மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன். நீ நிலத்தில் பலகையைப் போட்டுச் சூடை மீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தாய்.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறீங்கள்?"

"படிக்கிறன்."

"படிக்கிறீங்களோ, பெயின்ற் அடிக்கிறீங்களோ? முழுப் பக்கமும் மஞ்சள். அந்தக் கொப்பிக்கு என்ன, கலியாணமே?"

"அஞ்சு தரம் வாசிச்சிட்டன். இப்ப எல்லாம் தெரிஞ்ச மாதிரித்தான் கிடக்கு."

"அதுதான் பிழை. தெரிஞ்ச மாதிரிக் கிடக்கும். இஞ்ச தாங்கோ."

"உன்ர கை மீன் நாறும்."

"நாறட்டும்." கொப்பியை வாங்கி, உன் முழங்காலுக்குக் கீழே வைத்து, அதற்கு மேல் இருந்துவிட்டாய். "இனிச் சொல்லுங்கோ. எனக்கு ஒண்டும் தெரியாது. நான் இந்தச் சூடை மாதிரி. எனக்கு விளங்கப்படுத்துங்கோ."

மூன்றாம் படியோடு நின்றுவிட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டு இருந்தாய். எனக்குக் கோபம் வந்தது. எடுத்துக் கொடுத்தால் என்ன? ஒரு சொல் போதும். நீ தரவில்லை. கடைசியில் அந்த நாலாவது எங்கேயோ இருந்து வந்தது. வந்தபோது, அது ஏன் நாலாவது என்பதும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அமுக்கத்தை வெளியேற்றாமல் பூட்டினால், பூட்டின பிறகும் இயந்திரம் ஒருமுறை அசையும். ஒரு கையை எடுக்க அந்த ஒரு அசைவு போதும்.

"ஏன் பேசாமல் இருந்தனீ?" என்று கேட்டேன்.

"ஏழு எண்ணிக்கொண்டிருந்தனான். கேள்வியைக் கேட்டிட்டு ஏழு எண்ணுமட்டும் வாய் திறக்கப்படாது. மற்ற ஆள் தேடுற நேரத்தைப் பறிக்கப்படாது. அதுதான் எங்கட தொழில்ல கஷ்டமான வேலை. பேசுறது லேசு."

பிறகு இந்தப் பேணிகளைக் கொண்டுவந்தாய். நாளை, மூன்று நாள், கிழமை, மாதம் என்று உன் குண்டுக் கையெழுத்தில் ஒட்டியிருந்தாய். துண்டில் கேள்வி. சரியாகச் சொன்னால் துண்டு அடுத்த பேணிக்குப் போகும். பிழைத்தால் திரும்ப 'நாளை'க்கு வரும். 'மாதம்' என்ற பேணிக்குள் போன துண்டைத் தினமும் எடுத்துப் பார்க்க நீ விடமாட்டாய். நான் பயந்து எடுத்தால் கையில் தட்டுவாய்.

"விடுங்கோ. கொஞ்சம் மறக்க விடவேணும். மறந்துபோய்த் தேடி எடுத்தாத்தான் அது உங்கட. அதுவரைக்கும் அது கொப்பியிட."

அந்தப் பதினொரு படியும் இப்போதும் என்னிடம் இருக்கிறது. உன்னை அடக்கம் செய்த ஐந்தாம் கிழமை நான் திரும்ப வேலைக்கு ஏறினேன். தலைக்குள் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு படியும் அதன் காரணத்தோடு வந்து கைக்குள் நின்றது. அது எனக்குப் பெருமையாக இல்லை. மனிசி போய்விட்டாள், படி போகவில்லை என்றுதான் இருந்தது.

தாராபுரத்தில் இருந்து வந்த அந்த மீன் வியாபாரியை நினைத்தால் மட்டும் எனக்கு இப்போதும் கொஞ்சம் சிரிப்பு வரும். சுமையாவின் வாப்பா. உன் வகுப்பில் படிக்கிற மகளையும் பின்னால் இருத்திக்கொண்டு, மோட்டார்சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ரீச்சர், குறை நினைக்கப்படாது. மகள்ட விஞ்ஞானக் கொப்பியைப் பாத்தன். வெள்ளையாக் கிடக்கு. மற்ற வகுப்புப் பிள்ளையள்ட கொப்பியெல்லாம் நிறைஞ்சு வழியுது. நீங்க நோட்ஸ் குடுக்கிறல்லையாம்."

"ஓம் நானா, குறையத்தான் குடுக்கிறனான்."

"அப்ப புள்ள எதைப் படிக்கிற?"

நீ அவருடைய மோட்டார்சைக்கிளின் பின்பெட்டியைக் காட்டினாய். "நானா, மீனுக்கு ஐஸ் போடேக்க உப்பும் சேத்துப் போடுறீங்கள்தானே. ஏன் போடுறீங்கள்?"

"அது போட்டாத்தான் நல்லாக் குளிரும்."

"ஏன் குளிரும்?"

"அது… அப்பிடித்தான். எங்கட வாப்பாவும் போட்டவர்."

நீ சுமையாவைப் பார்த்தாய். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நீ பேசவில்லை. நான் வாசலில் நின்று மனதுக்குள் எண்ணினேன். ஆறு வந்தபோது அவள் வாய் திறந்தாள். "உப்புப் பட்டா ஐஸ் கெதியா உருகும் வாப்பா. உருகிறதுக்குச் சூடு வேணும். அந்தச் சூட்டை அது மீனிட்ட இருந்து எடுக்குது. அதாலதான் மீன் கூடக் குளிருது."

அவர் பின்பெட்டியைத் திறந்து ஐஸைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இருவது வருசமா ஐஸ் மீனைக் குளிர வைக்குது எண்டு நினைச்சன். அது மீன்ட சூட்டைக் களவெடுக்குது எண்டு சொல்லுங்கோ" என்றார். போகும்போது இரண்டு பாரைக்குட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனார். கொப்பியைப் பற்றி அதன் பிறகு கேட்கவேயில்லை.

இதையெல்லாம் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தும் செரின் விசயத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? மஞ்சள் அடித்தேன்.

நீ போகும்போது அவளுக்கு நாலரை வயது. என்னுடைய நாலரை வயதில் இருந்து எனக்கு என்ன நினைவு என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு சிவப்பு வாளி. அது கூட யாரோ சொன்னதாக இருக்கலாம். அப்படியென்றால் நீ அவளுக்கு இல்லாமல் போய்விடுவாய். என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பயம் ஒன்றுதான். அழுகை கூட வரவில்லை, அந்தப் பயம் மட்டும் வந்தது.

என் போனில் நீ இருக்கிற வீடியோ நாற்பத்தொன்று இருந்தது. ஏறக்குறைய எல்லாமே நீயே போனைக் கையில் பிடித்து, மகளை மடியில் வைத்து எடுத்தவை. முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு தொடங்கினேன். பின்னேரம் செபம் சொல்லி முடிந்ததும் பாயில் இருந்து ஐந்தாறு வீடியோ போடுவேன். ஒருநாளும் தவறவிடவில்லை. வேலையில் செய்கிற மாதிரியே செய்தேன். இரண்டு மாதத்தில் அவளுக்கு எல்லாம் பாடம். நீ வாய் திறக்க முன்னமே அவள் சொல்லுவாள். "இப்ப அம்மா சிரிப்பா. இப்ப கழுதை வரும். இப்ப அம்மா 'அச்சோ என்ர பிஸ்கற்' எண்டுவா." எனக்கு நிம்மதியாக இருந்தது. பிள்ளைக்குத் தாய் நினைவிருக்கிறது என்று நினைத்தேன். மஞ்சள் அடித்த பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும்போது வருகிற அதே நிம்மதி. நீ எனக்குச் சொல்லித்தான் தந்தாய், தெரிந்த மாதிரிக் கிடக்கும் என்று.

ஓராண்டுத் திருப்பலி முடிந்து வீட்டில் எல்லோரும் கூடினோம். நீ போன பிறகு எங்களோடு வந்து இருக்கிற உன் அக்கா இரண்டு கிழமையாகச் செரினுக்கு ஒரு பேச்சுப் பாடமாக்கிக் கொடுத்திருந்தா. அக்கா ஒரு வரி சொல்ல, பிள்ளை ஒரு வரி. "என் அன்புத் தாய் பொறுமையின் சிகரம், கல்வியின் ஒளி" என்று தொடங்கும். பிள்ளை கதிரையில் ஏறி நின்று ஒரு சொல் தவறாமல் சொன்னாள். சனம் கண்ணைத் துடைத்தது. நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். சொல்லி முடித்ததும் அவள் அக்காவைப் பார்த்து, "பெரியம்மா, முடிஞ்சுதோ?" என்றாள்.

சுமையாவும் வாப்பாவோடு வந்திருந்தாள். இப்போது எட்டாம் வகுப்பு. செரினைக் கிட்டக் கூப்பிட்டு இருத்திக் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றேன்.

"ரீச்சர்ட கையில ஒரு தழும்பு இருக்கே, உங்களுக்குத் தெரியுமா? ஸ்பிரிற் விளக்கால சுட்டது. எங்களுக்கு விளக்கைத் தொடக்கூடாது எண்டு சொல்லித் தரேக்க காட்டினவ."

"ஓம், தெரியும்."

"எந்தக் கையில?"

செரின் யோசிக்கவே இல்லை. "இந்தக் கை" என்று இடது கையைத் தூக்கினாள்.

"சரி அம்மா" என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. சத்தியமாக. எனக்கும் அது இடது கை என்றுதான் இருந்தது.

"இல்லையே," என்றாள் சுமையா. "வலக் கை. சோக் பிடிக்கிற கை. போர்ட்ல எழுதேக்க எங்களுக்குத் தழும்புதான் தெரியும்."

நான் தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் போனை எடுத்தேன். வீடியோவில் தழும்பு இடது கையில் இருந்தது. அடுத்ததிலும் இடது. மூன்றாவதில், பின்னால் சுவரில் தொங்குகிற கலண்டரில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரிப் பக்கம் மாறிக் கிடந்தது. அப்போதுதான் விளங்கியது. என் போனின் முன் கமரா படத்தை இடம் வலமாகத் திருப்பித்தான் சேமிக்கும். அமைப்புக்குள் ஒரு சின்ன ஆளி, சுவிச். அதை மாற்றிவிடலாம். இது எனக்குத் தெரிந்த விசயம், என் தொழிலே இப்படியானது. தெரிந்துகொண்டு நான் ஒரு வருடமாகத் திருப்பிப் போட்ட உன்னைப் பிள்ளைக்குப் பாடமாக்கியிருக்கிறேன்.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஆறு வருடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். அந்தத் தழும்பில் பெருவிரலை வைத்துத் தேய்த்தவன். எனக்கு ஏன் இடது என்று வந்தது? நானும் உன்னை நினைத்திருக்கவில்லை. வீடியோவை நினைத்திருக்கிறேன். நாற்பத்தொரு வீடியோ, உன் ஆறு வருடத்துக்கு மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

சனம் போன பிறகு அக்காவிடம் சொன்னேன். இனிப் பின்னேரத்தில் வீடியோ காட்டப்போவதில்லை என்று. அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவ, அப்படியே நிறுத்திவிட்டா.

"உமக்கென்ன விசரே? பிள்ளைக்கு அஞ்சரை வயசு. காட்டாட்டி மறந்திடும்."

"காட்டித்தான் அக்கா மறக்குது."

"என்ன கதை இது? ஒரு கைப் பக்கம் மாறிப்போச்சு. அதுக்கு? என்ர தங்கச்சியிட முகத்தை அவளுக்குக் காட்டாம விடப்போறீரோ?"

"கேக்கப் போறன். காட்டிறதுக்கு முதல் கேக்கப் போறன்."

"கேட்டு அவளுக்குத் தெரியாட்டி?"

அக்காவின் பயமும் என் பயமும் ஒன்றுதான். கேட்டு, பிள்ளையிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால்? வீடியோ போடுகிறவரை அந்தக் கேள்வி வராது. அதனால்தான் போட்டேன் போல.

அடுத்த நாள் செபம் முடிந்து போனை எடுக்காமல் இருந்தேன். "அம்மா உங்களை என்னெண்டு கூப்பிடுவா?" என்று கேட்டேன்.

"போனைத் தாங்கோ, சொல்லுறன்."

"போன் இல்லாமச் சொல்லுங்கோ."

ஏழு எண்ணினேன். ஒன்றும் வரவில்லை. அவள் முகம் கோணியது. "அம்மாவைக் காட்டுங்கோ" என்று அழத் தொடங்கினாள். தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்தா. இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள் நான் கேட்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. களைத்துப்போனேன். நீ எப்படி முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் ஏழு வரைக்கும் எண்ணினாய்? அந்த மௌனத்தில் எத்தனை தரம் 'இவர்களுக்கு ஒன்றுமே ஏறவில்லையோ' என்று நீயும் பயந்திருப்பாய். நீ அதை எனக்குச் சொன்னதே இல்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒரு காலை. காற்றுக் கூடியதால் கோபுரத்தில் ஏற்றம் நிறுத்தி, எனக்கு வேலை பிந்தித்தான். வழமையாக அக்காதான் பிள்ளைக்குத் தலை இழுத்துவிடுவா. அன்றைக்கு நான் இருத்தி இரட்டைப் பின்னல் போட்டேன். எனக்கு மூன்று புரியையும் பிடித்தால் ரிபனைப் பிடிக்கக் கையில்லை. ரிபன் இரண்டு தரம் மணலில் விழுந்துவிட்டது.

"அப்பா, ரிபனைப் பல்லால கடியுங்கோவன்."

ஏன் என்று கேட்க வாய் வந்தது. மூடிக்கொண்டேன். எண்ணினேன். ஐந்து.

"அம்மா அப்பிடித்தான். கடிச்சுக்கொண்டே கதைப்பா."

திரும்பவும் எண்ணினேன்.

அவள் என் கையில் இருந்த ரிபனைப் பறித்துத் தன் பல்லுக்குள் வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, "ஆஹாம இஹுங்ஹோ அம்மா! பஹ் வந்தித்தூ!" என்றாள். ஆடாமல் இருங்கோ அம்மா, பஸ் வந்திட்டுது. அது நீ. அந்தக் கடைசி இழுப்பு, அந்தக் கண், உன் அவசரம், எல்லாம். நான் சிரித்துவிட்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, தொண்டையில் துரு ஏறினது போல வந்தது. அவளும் சிரித்து, திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினாள்.

இது நாற்பத்தொரு வீடியோவிலும் இல்லை. நான் விடிய ஐந்தரைக்கே வேலை வானில் ஏறிவிடுகிறவன். நீ பிள்ளைக்குத் தலை இழுப்பதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

பிறகு அவளைத் திரும்ப இருத்தினேன். என் கை கழுத்தில் படும்போது நெளிந்தாள். "உங்கட கை எண்ணெய் வழுவழுப்பு. அம்மாட கை உரஞ்சும். தழும்பு கரகரெண்டு இருக்கும், இதில" என்று தன் கையைக் கழுத்தில் வைத்தாள்.

வலது பக்கம்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பின்னால் நின்று தலை இழுக்கிற ஒருத்தியின் வலது கை, பிள்ளையின் வலது கழுத்தில்தான் படும். கண்ணுக்கு நான் பிழையாகப் படிப்பித்துவிட்டேன். கழுத்து அதைக் கேட்காமல் சரியான விடையை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது, யாராவது கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்களா என்று.

அன்றைக்குப் பின்னேரம் அக்காவுக்கு முன்னால் அந்த ரிபன் கதையைச் செய்துகாட்டச் சொன்னேன். செய்தாள். அக்கா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. போன பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "தங்கச்சிக்குச் சின்னனில எங்கட அம்மா அப்பிடித்தான் தலை இழுக்கிறவ." பிறகு வீடியோ காட்டச் சொல்லி அவ கேட்கவில்லை.

இப்போது பேணிகளில் துண்டுகள் போடத் தொடங்கியிருக்கிறோம். நீ துண்டின் மறுபக்கத்தில் விடை எழுதுவாய். நான் எழுதவில்லை. பாதிக்கு எனக்கு விடை தெரியாது. அம்மா எந்தப் பாட்டை முணுமுணுப்பா? கடற்கரையில் செருப்பை எங்கே வைப்பா? காய்ச்சல் என்றால் முதலில் எதைத் தொட்டுப் பார்ப்பா? செரினுக்கு இன்னும் வடிவாக எழுத வராது, அதனால் கீறுகிறாள். முதல் துண்டு அவளுடையது. ஒரு வாய், பல்லுக்குள் ஒரு நீல ரிபன். 'நாளை'யில் இருந்து 'மூன்று நாள்' பேணிக்குப் போய்விட்டது. சிலது பிழைக்கிறது. சிலது அவள் இட்டுக்கட்டுகிறாளோ என்றும் சந்தேகம். ஒருநாள் நீ கழுதைக்கு இடியப்பம் தீத்தினாய் என்றாள். யோசித்தால் நீ செய்திருப்பாய் போலவும் இருக்கிறது.

எனக்கும் ஒரு துண்டு போட்டிருக்கிறேன். தழும்பு எந்தக் கை. எனக்கு அது 'நாளை'க்குள்ளேயே இரண்டு கிழமை கிடந்தது. கண்ணை மூடினால் இடதுதான் முதலில் வருகிறது. வீடியோவைத் தள்ளிவிட்டு, பெருவிரலைக் கேட்டு, ஆஸ்பத்திரியில் உன்னைக் கிடத்தியிருந்த கட்டிலில் நான் நின்ற பக்கத்தைக் கேட்டு, பிறகுதான் வலது வருகிறது. அவ்வளவு தூரம் போய்வர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தரமும் களைப்பு. ஆனால் போய்வருகிறபோது வழியில் வேறு ஏதாவதும் கிடைக்கிறது. நேற்று, உன் நகத்துக்குள் எப்போதும் இருக்கிற அந்த வெள்ளைத் தூள்.

மறந்துபோய்த் தேடி எடுத்தால்தான் அது உங்கட என்றாய். சரி. நான் உன்னைக் கொஞ்சம் மறக்க விடப்போகிறேன். எனக்கு அது பயம்தான். உன் சொல்லை நம்பித்தான் விடுகிறேன். வேறு யாருடைய சொல்லுக்கும் இதைச் செய்யமாட்டேன்.

வீடியோக்களை நான் அழிக்கவில்லை. பயப்படாதே. அவற்றை இனி மாதத்துக்கு ஒருமுறை, நாங்கள் இரண்டு பேரும் சொல்லி முடித்த பிறகு, விடை பார்க்கிறதுக்கு மட்டும் திறப்போம். திருப்பிச் சேமிக்கிற அந்த ஆளியையும் மாற்றிவிட்டேன், இனிமேல் எடுக்க உன் படம் இல்லை என்றாலும். வேலைக்குத் தந்த சின்னப் போன் ஒன்று இருக்கிறது, அவசரத்துக்கு அது போதும். உன் செய்தி வந்த இந்தப் போனை 'மாதம்' பேணிக்குள் வைத்திருக்கிறேன். அளவாக இருக்கிறது. மூடியும் போடலாம்.

மறைக்கல்வி முடிந்து செரின் வருகிற நேரம். இன்றைக்கு வந்த உடனே பின்னலை அவிழ்க்கச் சொல்லுவாள், நான் ஒரு துண்டை எடுத்துக் கேட்பேன், பிறகு வாயை மூடிக்கொண்டு ஏழு எண்ணுவேன். மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். எத்தனை நிமிடம் என்று தெரியாது. போனை அணைத்துவிட்டேன்.